கார்கானெ தரபேதி

என் மனைவி கோயம்புத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஒரு வழி டிக்கெட் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிப்போன வருடம் ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் நடுவில். "திரும்பி வர டிக்கெட் எடுக்கல" என்பதை அவள் சண்டை போட்டுச் சொல்லவில்லை, புளி கரைத்துக்கொண்டே சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. சண்டையில் சொன்னதை மறுநாள் காலை காப்பி குடிப்பதற்குள் மாற்றிக்கொள்வாள். புளி கரைக்கும்போது சொன்ன எதையும் அவள் மாற்றிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை.

காரணம் நான்தான். இன்னும் சரியாகச் சொன்னால், நான் பகலெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த பலான படங்கள். இந்த வயதில் இதை எழுத வெட்கமாக இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் விஷயம் நல்லபடியாக முடிந்தது. அவளிடமும் கேட்டுவிட்டேன். "எழுதுங்க. ஆனா என் சாம்பாரப் பத்தி ஏதாவது எழுதினீங்கன்னா பாருங்க" என்றாள். எழுதவில்லை.

முப்பது வருடம் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்தேன். வரும் பாகங்களை அளந்து, எண்ணி, குறை உள்ளதைச் சிவப்புச் சாயம் தொட்டுத் தள்ளிவைப்பது வேலை. அந்தப் பழக்கம் தொழிற்சாலை கேட்டோடு நிற்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் கம்பிகளை எண்ணுவேன். எதிரே வருகிறவரின் சட்டையில் எத்தனை பித்தான் குறைகிறது என்று எண்ணுவேன். பிறகு விருப்ப ஓய்வு என்று சொல்லி எங்களில் பலரை அனுப்பிவிட்டார்கள். விருப்பம் யாருடையது என்று நாங்கள் கேட்கவில்லை. அதே வருடம் மகளுக்குக் கல்யாணம். கல்யாணக் கேசட்டைப் பார்ப்பதற்காகத்தான் வீடியோ டெக் வாங்கினேன், சத்தியமாக அதற்குத்தான். பந்தியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, சமையல்காரர் சொன்ன இலைக்கணக்கு சரியா என்று எண்ணினேன். இருபத்திரண்டு இலை கூடுதலாகச் சொல்லியிருந்தார். "பொண்ணு கழுத்துல தாலி ஏறுது, இந்த மனுஷன் இலைய எண்றார்" என்று மனைவி பக்கத்து வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

எங்கள் வீடு பெங்களூர் லிங்கராஜபுரத்தில், மாடியில். அவள் பிரேசர் டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் பின்னறையில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்தினாள். பத்து மணிக்குத் திறந்து நாலு மணிக்குப் பூட்டுவாள். அந்த நேரம் முழுக்க நான், டெக், மூடிய ஜன்னல். வீடியோ கடைக்காரர்தான் ஒருநாள், "என்ன சார், பழைய படமாவே எடுக்கறீங்க. இது வேற" என்று செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கையில் வைத்தார். வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியில் நான் கடையின் அலமாரித் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஒரு வருடத்துக்குள் அது தினசரி ஆனது. அதில் சந்தோஷம் இருந்ததா என்றால், முதல் சில வாரங்கள் இருந்திருக்கலாம். பிறகு பல் வலிக்கு நாக்கு போவதுபோல மனம் அங்கே போனது, அவ்வளவுதான். சாயங்காலம் மனைவி வந்து வகுப்பில் நடந்ததைச் சொல்லுவாள். எந்த மெஷின் நின்றுபோனது, யார் யாரை என்ன கிண்டல் செய்தார்கள் என்று. அவள் எப்போது முடிப்பாள் என்று காத்திருப்பேன். பஸ்ஸில் ஒரு பெண் ஏறினால் அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. தொழிற்சாலையில் பாகம் பார்ப்பதுபோல ஒரு முழு மனுஷியைத் துண்டு துண்டாகப் பார்த்துத் தேறுமா தேறாதா என்று தள்ளிக்கொண்டிருந்தேன். அதை அப்போது நான் கவனிக்கவில்லை. நின்றுபோன பிறகுதான், நின்றுபோன மின்விசிறியின் சத்தத்தைப் போல, அது தெரிந்தது.

மூன்று கேசட்டுகளைச் சொந்தமாகவே வாங்கி அலமாரியில் வைத்திருந்தேன். அவற்றின் முதுகில் கன்னடத்தில் 'கார்கானெ தரபேதி' என்று எழுதி ஒட்டினேன். தொழிற்சாலைப் பயிற்சி என்று அர்த்தம். என் மனைவி குடியாத்தத்துக்காரி, எட்டாவது வரை தமிழில் படித்தவள். கன்னடம் கடகடவென்று பேசுவாள், ஓர் எழுத்து தெரியாது. தமிழில் எழுதினால்தான் ஆபத்து, கன்னடத்தில் எழுதினால் பூட்டுப் போட்டமாதிரி என்று நினைத்து, என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

இது இப்படியே போயிருக்கும். ஒருநாள் கடைக்காரர் கொடுத்த கேசட் வெளிநாட்டுச் சரக்காக இல்லை, இங்கேயே எங்கேயோ ஒரு வீட்டில் எடுத்தது. சுவரில் தமிழ் நாட்காட்டி தொங்கியது. பாதியில் அந்தப் பெண் கேமராப் பக்கம் திரும்பி, மெதுவாக, "போதும்ணா. அஞ்சு மணிக்குப் பாப்பாவ பால்வாடில இருந்து கூட்டிட்டு வரணும்" என்றாள். கேமராவுக்குப் பின்னால் இருந்தவன் சிரித்து, "ஆய்த்து, ஆய்த்து" என்றான். ஆயிற்று, ஆயிற்று. ஆனால் ஆகவில்லை. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

அந்த 'ணா' என்னை அடித்தது. பெங்களூரில் கறிகாய்க்காரர் முதல் கண்டக்டர் வரை எல்லோரும் அண்ணாதான், அதில் புதிதாக ஒன்றுமில்லை. ஆனால் அவள் கேமராவைப் பார்த்து அதைச் சொன்னாள். கேமரா இருந்த இடத்தில் இப்போது நான் உட்கார்ந்திருந்தேன். நிறுத்தினேன். கேசட்டை எடுத்துக்கொண்டு செருப்புகூட சரியாக மாட்டாமல் கடைக்குப் போனேன்.

"இந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார், இத்தன நாளா நீங்க பாத்தீங்க, கேக்கலயே. இன்னிக்கு என்ன புதுசா?"

"சொல்லுங்க."

"எனக்கு எப்படி சார் தெரியும்? கார்மெண்ட்ஸ் கேட்கிட்ட ஆள் நிக்கும். சேலை விளம்பரம்னு சொல்லுவாங்க. அரை நாள் வேலைம்பாங்க. உள்ள போனப்புறம் கதவு சாத்துவாங்க. அவ்ளோதான் நான் கேள்விப்பட்டது." பிறகு அவரே, யாரும் கேட்காமல், குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "அப்படிப் போன ஒரு அம்மா வந்துச்சு சார் இங்க. கேசட்ட குடுத்துடுங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன்னு. ஒண்ணுதான் இருக்குதுன்னு நெனச்சிட்டு இருந்துச்சு பாவம்."

"எத்தனை இருக்கும்?"

"காப்பி மேல காப்பி சார். யாரு எண்றது?"

எண்ண முடியாத ஒன்று. வீட்டுக்குத் திரும்பும்போது வழியில் எதையும் எண்ணத் தோன்றவில்லை. மனைவியிடம் இன்றே சொல்லிவிட வேண்டும் என்று படியேறினால், அவள் சீக்கிரம் வந்து அலமாரி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மூன்று கேசட்டும் மடியில்.

"கார்கானெ தரபேதி" என்று எழுத்துக்கூட்டி அல்ல, சரளமாகவே வாசித்தாள். "எந்தக் கார்கானெங்க? உங்களத்தான் வெளிய அனுப்பிட்டாங்களே, இன்னும் என்ன தரபேதி?"

"நீ எப்பக் கன்னடம் படிச்ச?"

"பஸ் போர்டுல. சிவாஜிநகர் போற பஸ்ஸுல ஏறாம வேற எதுலயோ ஏறி ரெண்டு தடவ ஹெப்பால் போனேன். அப்புறம் படிக்காம என்ன பண்றது? சி, வா, ஜி, ந, க, ர். அப்படியே ஒண்ணொண்ணா." மடியில் இருந்த கேசட்டைக் காட்டினாள். "இத வாசிச்சு எட்டு மாசம் ஆச்சு. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். கடைசி கேசட்டில் கேட்டதையும் கடைக்காரர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் அழவில்லை. எழுந்து போய்ப் புளியை ஊறப்போட்டாள். அப்போதுதான் அந்த டிக்கெட் விஷயம்.

"கண்ண மூடிக்கிட்டு நம்பறதுக்கு எனக்குக் கொஞ்ச நாள் வேணும்" என்றாள். "டெக்க விக்காதீங்க, அது என்ன பாவம் பண்ணுச்சு. கல்யாணக் கேசட்ட நான் எடுத்துட்டுப் போறேன். நீங்க தினம் பத்து மணிக்கு வகுப்பத் தொறக்கணும், நாலு மணிக்குப் பூட்டணும். நடுவுல வீட்டுக்கு வரக்கூடாது. சொல்லித்தர ஆள் இருக்கு, நீங்க ஒண்ணும் சொல்லித்தர வேணாம். யாரையும் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணவும் வேணாம்."

அவள் கிளம்புவதற்கு முன் நான் அந்த மூன்று கேசட்டையும் உடைத்து, உள்ளே இருந்த நாடாவை உருவித் துண்டு துண்டாக வெட்டினேன். பாவமன்னிப்பு கிடைத்த முகத்தோடு நிமிர்ந்தால், அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "துணி வெட்டுற கத்தரிக்கோல்லயா வெட்டினீங்க?" தையல்காரர்களின் கத்தரிக்கோலால் ஒரு தாளைக்கூட வெட்டக்கூடாது, முனை மழுங்கிவிடும். அத்தனை கோபத்திலும் அந்தக் கோபம்தான் அவளுக்குப் பெரிதாக வந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி. கத்தரிக்கோலுக்காகத் திட்டுகிற மனைவி முழுசாகப் போய்விட மாட்டாள்.

வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே போவது எனக்குச் சாதாரண காரியம் இல்லை. பூட்டை இழுத்துப் பார்ப்பேன், படி இறங்குவேன், கேஸ் மூடினேனா என்று திரும்ப ஏறுவேன். முதல் வாரம் வகுப்பை ஒருநாள்கூடப் பத்து மணிக்குத் திறக்கவில்லை. பெண்கள் வாசலில் நின்று, "டீச்சர் சொன்னாங்க, நீங்க மூணு தடவ பூட்டுவீங்கன்னு. இன்னிக்கு எத்தன?" என்பார்கள்.

பதினொரு மெஷின், அதில் எட்டு ஓடும். எட்டுக்கும் ஓடாத மூன்றுக்கும் நடுவே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். யாரோ நூல் கேட்டபோது, "அண்ணா, அந்த நீலம் எடுங்க" என்றாள் ஒருத்தி. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். கையில் நூல் இருந்தது, கொடுக்க மறந்துவிட்டேன். அவர்கள் என்னைக் காது மந்தம் என்று முடிவுகட்டினார்கள். ஒரு மாதத்துக்கு எல்லோரும் என்னிடம் கத்தித்தான் பேசினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருமுனை எஸ்டிடி பூத்தில் மனைவியிடம் பேசுவேன். கண்ணாடிக் கதவு சரியாக மூடாது, வெளியே வரிசை நிற்கும். எனவே அவள் கேட்பாள், "இந்த வாரம் தரபேதி நடந்துச்சா?"

"ஒரு நாள்."

"போன வாரம் ரெண்டு. சரி. சாப்பிட்டீங்களா?"

மறைக்கவில்லை. வீடியோ கடைக்குப் போய்விட்ட நாட்கள் இருந்தன, வகுப்பு இல்லாத நாட்களில்தான் அதிகம். தோற்றேன் என்று ஒருத்தியிடம் சொல்ல முடிகிறபோது தோல்வி பாதியாகிவிடுகிறது, இது நான் கண்டது. பல வருடம் கழித்து மகள் கம்ப்யூட்டர் வாங்கிக்கொடுத்தபோதும் இதையேதான் செய்தேன்: சமையலறையிலிருந்து திரை தெரிகிற மாதிரி மேஜையைப் போட்டேன், மனம் தடுமாறிய அன்று அவளிடம் சொன்னேன். பூத்துக்காரர் கன்னடக்காரர், நல்ல மனிதர். மூன்று மாதம் கேட்டுவிட்டு ஒருநாள் மரியாதையாக விசாரித்தார். "தரபேதி யாவாக முகியுத்தெ சார்?" பயிற்சி எப்போது முடியும் என்று. ஆயுசு பூரா நடக்கும் என்றேன். அரசாங்க வேலையா என்று கேட்டார்.

இதற்கிடையில் எனக்கே தெரியாமல் ஒன்று நடந்துகொண்டிருந்தது. வகுப்பில் அவர்கள் பேசுவது காதில் விழ ஆரம்பித்தது. ஒருத்தியின் மாமியார் குழம்பில் உப்பை எண்ணிப் போடுகிறவர் என்று கேட்டு அந்த அம்மாள்மீது எனக்குத் தனி மரியாதை வந்தது. இன்னொருத்தி பித்தான் துளைக்குக் காஜா எடுத்தால் துணிக்கு வாய் கிழிந்தமாதிரி இருக்கும், அதைச் சொன்னால், "அண்ணா, பித்தான் தானா வாய்க்குள்ள போகணும்னுதான் அப்படி" என்பாள். இன்ஸ்பெக்‌ஷன் வேண்டாம் என்ற உத்தரவை மீறி, அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணிச் சொன்னேன். பிறகு அவர்களே எண்ணச் சொல்லித் துணியை நீட்டினார்கள். பஸ்ஸில் ஏறுகிற பெண்களுக்கு முகம் வந்திருந்தது. சளி பிடித்த முகம், தூக்கம் கெட்ட முகம், தனக்குத்தானே எதையோ நினைத்துச் சிரிக்கும் முகம். எனக்கு அது திருவிழா பார்ப்பதுபோல இருந்தது.

அப்போதுதான் பொம்மனஹள்ளியிலிருந்து வருகிற ஒருத்தி ஒரு பேச்சை எடுத்தாள். முப்பது வயது இருக்கும், இரண்டு பிள்ளைகள், முன்பு கார்மெண்ட்ஸில் வேலை பார்த்தவள். வாய் அதிகம், கை அதைவிட வேகம்.

"நாளைக்கு வகுப்புக்கு வர மாட்டேன். சேலை விளம்பரத்துக்கு என்னக் கூப்பிட்டிருக்காங்க. அரை நாள்தான். பழைய கம்பெனில இருந்து இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க."

"நீ கட்டினா சேலை விக்காதுடி. கடைக்காரன் கடைய வித்துட்டுப் போயிடுவான்" என்றாள் காஜாக்காரி. எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்க எடுக்கறாங்களாம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

"ஒரு வீட்லண்ணா. வீட்லதான் வெளிச்சம் நல்லா விழுமாம்."

"போகாதம்மா. அது விளம்பரம் இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பேப்பரில் படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பேப்பரில் படித்ததை அவள் நம்பாமல் போய்விடுவாள். கிழவர் எதற்கும் பயப்படுகிறவர், பூட்டை மூன்று தடவை இழுக்கிறவர் என்று சிரித்துவிட்டுப் போய்விடுவாள். உண்மையைச் சொன்னால் இந்த ஸ்டூலில் இனி உட்கார முடியாது. இந்த வகுப்பு என் மனைவியுடையது. அவள் பெயரும் கெடும். பிறகு எந்த டிக்கெட்டும் அவளை இங்கே கொண்டுவராது.

"அப்படி எடுத்த கேசட்ட நான் வாடகைக்கு எடுத்துப் பாத்திருக்கேன்" என்றேன்.

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எட்டாவது நிற்கும்வரை காத்திருந்து, பால்வாடிக்குப் போக வேண்டியிருந்த பெண்ணைப் பற்றியும் அவள் 'போதும்ணா' என்றதையும் சொன்னேன். ஒரே ஒரு கேசட்தான் என்று நினைத்துக் கடைக்கு வந்த அம்மாவைப் பற்றிச் சொன்னேன். கதவைச் சாத்துவார்கள் என்பதையும் சொன்னேன்.

பொம்மனஹள்ளிக்காரி என்னையே பார்த்தாள். "அந்தப் பொம்பள ணான்னு கூப்பிட்டப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

"நிறுத்தினேன்."

"நீங்க நிறுத்தினதால அவளுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல."

அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று நாலு மணிக்கு யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

அடுத்த இரண்டு நாள் நான் 'சார்' ஆனேன். "சார், சாவி." "சார், நூல் தீந்துடுச்சு." அவ்வளவுதான் பேச்சு. ஆனால் பொம்மனஹள்ளிக்காரி விளம்பரத்துக்குப் போகவில்லை. அந்த இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கார்மெண்ட்ஸ் கேட்டுக்குப் போய், நின்றிருந்த ஆளிடம், "உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா, நாலு பேரும் சேந்தே கட்டறோம், கதவத் தொறந்து வெச்சு எடு" என்று ஊர் கூடும்படி கேட்டிருக்கிறாள். அவன் பஸ் நிற்பதற்குள் ஏறி ஓடிவிட்டான். இதை அவள் வகுப்பில் நடித்துக் காட்டியபோது எட்டு மெஷினும் நின்றன. நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நூல்கண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நடித்து முடித்துவிட்டு எல்லோருக்கும் டீ ஊற்றினாள். ஒரு தம்ளரை என் ஸ்டூல் பக்கம் வைத்து, முகத்தைப் பார்க்காமல், "ஆறிடும்ணா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை பூத்துக்குப் போனேன். இதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனால், மனைவியே முதலில் பேசினாள்.

"வகுப்புல என்ன சொன்னீங்க?"

"உனக்கு யார் சொன்னது?"

"எல்லாருந்தான். தனித்தனியா ஆறு பேர் போன் பண்ணிட்டாங்க. மாப்பிள்ளை, என்னம்மா பெங்களூர்ல ஏதாவது கலவரமான்னு கேக்கறார்."

"உன் பேரக் கெடுத்துட்டேன்."

"என் பேருக்கு என்ன? டீச்சர் எப்ப வருவீங்கன்னுதான் ஆறு பேரும் கேட்டாங்க." பூத்தின் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. பேசாத நேரத்துக்கும் காசு என்று முதல்முறையாக எனக்குக் கவலை வரவில்லை. பிறகு சொன்னாள். "வெள்ளிக்கிழம காலைல வர்றேன். கன்டோன்மென்ட்ல இறங்கறேன். குடை எடுத்துட்டு வாங்க, அங்க மழைன்னு சொன்னாங்க."

பின்னணியில் புளி கரைக்கும் சத்தம் கேட்கிறதா என்று கவனித்துக் கேட்டேன். போனில் அதெல்லாம் தெரியாது.

வெள்ளிக்கிழமை ரயில் வருவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே பிளாட்பாரத்தில் இருந்தேன். வகுப்பிலிருந்தும் நாலு பேர் வந்துவிட்டார்கள், வர வேண்டாம் என்று சொல்லியும். ரயில் வந்தது. எந்தப் பெட்டி என்று கேட்காமல் விட்டேனே என்று முன்னாலிருந்து ஒவ்வொரு பெட்டியாக எண்ணிக்கொண்டு ஓடினேன். பதினாலாவது பெட்டியை எண்ணும்போது என் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் இங்க இறங்கியாச்சு. நீங்க எண்ணி முடிச்சுட்டு வாங்க, அவசரமில்ல."

இளைத்திருந்தாள். மூன்று பை, ஒரு பலாப்பழம். பலாப்பழத்தை எதற்கு ரயிலில் தூக்கிவந்தாள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பொம்மனஹள்ளிக்காரி பையை வாங்கிக்கொண்டு, "டீச்சர், ஓடாத மெஷின் ஒண்ண அண்ணா ரிப்பேர் பண்ணிட்டார். இப்ப ஓடுது, ஆனா பின்பக்கமா ஓடுது. பாவாட தெச்சா, தெச்சது பிரிஞ்சு துணியா வெளிய வருது" என்றாள்.

என் மனைவி சிரித்தாள். பிளாட்பாரத்தில் நின்று, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். விழுந்துவிடாமல் இருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கையை எடுக்க மறந்துவிட்டாளோ என்னவோ, ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் அது அங்கேயே இருந்தது. நான் நினைவுபடுத்தவில்லை.